பையை யாரிடம் வாங்குவது? சான்றிதழை எப்படிப் படிப்பது?

(டண்டினோங்கில் நடந்த எமது சங்கப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லை. ஏ.எல். சோதினை எடுத்ததோடை என்ரை படிப்பு முடிஞ்சுது. அதுக்குப் பிறகு படிச்சதெல்லாம் இஞ்சை பக்ரறியிலை நிண்டு படிச்சதுதான். பிளாஸ்டிக் றோலிலை அச்சடிச்சு, ஒட்டி, வெட்டி, சாப்பாட்டுச் சாமானுக்குப் பை செய்யிற இடத்திலை பதினொரு வருசமாக இரவு வேலை செய்யிறன். ஆகவே இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு விஞ்ஞானியின் பேச்சு அல்ல. மிசினுக்குப் பக்கத்திலை நிற்கிற ஒருவனுடைய பேச்சு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்டபத்தில் இருக்கிற குடும்பங்களில் கனபேர் வீட்டிலே ஏதாவது செய்து விற்கிறீர்கள். மிளகாய்த்தூள், மிக்சர், முறுக்கு, பயத்தம் பணியாரம், எலுமிச்சங்காய் ஊறுகாய், கத்தரிக்காய் மோசு என்று ஒரு பெரிய பட்டியலே சொல்லலாம். பொழுதுபோக்குக்காகச் செய்கிறவர்கள் குறைவு. வாடகைக்கு, ஊருக்கு அனுப்ப, வழக்கறிஞருக்குக் கட்ட என்று ஒவ்வொரு டொலருக்கும் ஒரு தேவை இருக்கிறது. அந்தக் காசு ஒரு பையாலே எப்படிப் போகும் என்பதை முதலில் என்ரை வீட்டுக் கதையிலிருந்தே சொல்லுகிறேன்.

என்ரை மனைவி யாழ்ப்பாண முறையிலே வறுத்து இடிச்ச கறித்தூள் செய்து விற்கத் தொடங்கினா. கவுன்சிலில் பதிஞ்சு, சமையலறையைக் காட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தது. பை வாங்கிறது மட்டும் என்ரை பொறுப்பு. நான் தானே பை செய்கிறவன்! ஆனால் எங்கடை பக்ரறி சின்ன ஓடர் எடுக்காது. அதாலை வேறோர் இடத்தில், பூப்போட்ட அச்சோடு மலிவாகக் கிடைத்த பையை வாங்கினன். "சாப்பாட்டுக்கு நல்லதோ?" என்று கேட்டன். உடனே இமெயிலில் ஒரு சான்றிதழ் வந்தது. தங்க நிறத்தில் வட்ட முத்திரை, கீழே கையெழுத்து. பார்த்ததும் திருப்தி. ஒரு வரியும் படிக்கவில்லை.

நானூறு பக்கற் கட்டினோம். மூன்று கிழமை கழிய ஒரு அக்கா ரெலிபோன் எடுத்தா. "தம்பி, குறை நினைக்காதை, உங்கடை தூள் பெயின்ற் மணக்குது." நான் போய் ஒரு பக்கற்றை வெட்டி மூக்கிலை வைச்சன். மிளகாய் மணமில்லை, மல்லி மணமில்லை. பெயின்ற்தான். மிஞ்சியிருந்ததை எல்லாம் குப்பையில் கொட்டினோம், வித்ததுக்குக் காசு திருப்பிக் கொடுத்தோம். சரக்கு, பை, லேபல் எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூறு டொலர். விசா வழக்குக்கென்று எடுத்து வைச்ச காசு அது. மனைவி என்னைப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

யாருக்கும் வருத்தம் வரவில்லை, கடவுள் புண்ணியம். அன்றிரவுதான் அந்தச் சான்றிதழை எடுத்து வரி வரியாகப் படிச்சன். அதில் இருந்த கொம்பனியின் பெயர் எனக்கு வித்தவருடையது இல்லை. வேறு நாட்டிலே உள்ள ஒரு தொழிற்சாலையின் பெயர். அந்தத் தொழிற்சாலை செய்கிறது பிளாஸ்டிக் பை இல்லை, மட்டைப் பெட்டி. சான்றிதழோ ஐ.எஸ்.ஓ. 9001, உணவுப் பாதுகாப்புச் சான்றிதழே இல்லை. அதுவும் காலாவதியாகி பதினாலு மாதம். நாலு பிழையும் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தது. யாரும் மறைக்கவில்லை. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஒரு பை எப்படிச் சாப்பாட்டைப் பழுதாக்கும்? இது எங்களுக்குப் புதிய விசயம் இல்லை. ஊரிலே பனங்கட்டியைக் குட்டானிலே வைச்சோம், சோற்றை வாழையிலையிலே கட்டினோம். கட்டுச்சோற்றுக்கு இலையின் மணம் ஏறும், அதை நாங்கள் விரும்பினோம். கடையிலே சுடச்சுட வடையைப் பேப்பரிலே சுற்றித் தந்தால், வடையிலே எழுத்து ஒட்டியிருக்கும். அதைப் பகிடியாக வாசிச்சுக்கொண்டு சாப்பிட்டவர்கள் நாங்கள். மை எப்படி வடைக்கு வந்தது? எண்ணெயும் சூடும் அதை இழுத்தது. இந்தியாவிலே 2018 ஆம் ஆண்டின் பொதி விதிகளின்படி உணவைச் செய்தித்தாளிலே சுற்றிக் கொடுப்பது தடை. அந்த விதிகள் 2019 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தன. பிளாஸ்டிக் பையிலும் நடப்பது அதே வடைக் கதைதான். பொதியிலே உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குள்ளே போகும். எண்ணெய், புளிப்பு, சூடு, நாள். இந்த நாலும் கூடக் கூட, போவதும் கூடும்.

பெரிய கொம்பனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2005 நவம்பரில் இத்தாலியிலே நெஸ்லே கொம்பனியின் குழந்தைப் பால் பெருந்தொகையாகக் கைப்பற்றப்பட்டது. பெட்டிக்கு வெளியே அச்சடித்த மையிலிருந்த ஐ.ரி.எக்ஸ். என்ற ஒரு பொருள் பாலுக்குள்ளே கண்டுபிடிக்கப்பட்டது. மை வெளியிலே, பால் உள்ளே. எப்படிப் போனது? அச்சடித்த மட்டையை றோலாகச் சுற்றும்போது ஒரு சுற்றின் வெளிப்பக்கம் அடுத்த சுற்றின் உட்பக்கத்திலே படும். அந்தப் படுகையிலே கொஞ்சம் ஒட்டிவிடும். அந்த அளவால் உடல்நலத்துக்குப் பயமில்லை, ஆனால் அது பாலிலே இருக்கக்கூடாத பொருள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பின்னர் சொன்னது. ஆனாலும் தாய்மாரின் மனம் எவ்வளவு பதறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போத்தலிலே ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இன்னுமொரு விசயம். திருகி மூடுகிற தகர மூடியின் உட்பக்கம் மெத்தென்று ஒரு வளையம் இருக்கிறதே, அதுவும் பொதிதான். 2003 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலே அந்த வளையத்திலிருந்து செமிகார்பசைட் என்ற பொருள் போத்தல் உணவுக்குள் வருவதாகத் தெரியவந்தது. அது வரக் காரணமான இரசாயனத்தை 2005 இலே உணவில் படும் பிளாஸ்டிக்கிலே பாவிக்க அங்கே தடை போட்டார்கள். அதைவிட, அந்த வளையத்தை மெத்தென்று வைத்திருக்கச் சேர்க்கிற பொருள்கள் எண்ணெயிலே கரையக்கூடியவை. எங்கடை ஊறுகாயிலே மேலே நிற்கிறது என்ன? நல்லெண்ணெய். ஆகவே மூடி வாங்கும்போது "எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு ஏற்ற மூடியோ" என்று தனியாகக் கேட்க வேண்டும். போத்தல் நல்லதென்றால் மூடியும் நல்லதென்று நினைக்கக் கூடாது.

என்ரை தூளுக்கு என்ன நடந்தது என்று வேலையிலே ஒரு பழைய அச்சுக்காரரிடம் பையைக் கொடுத்துக் கேட்டன். அவர் ஒரு தரம் மணந்துவிட்டு, "மை காயேல்லை" என்றார். மையைக் கரைக்க ஒரு திரவம் சேர்ப்பார்கள். அச்சடித்த பிறகு சூடான காற்றிலே அது முழுக்கப் பறந்துபோக வேண்டும். மிசினைக் கூடின வேகத்திலே ஓட்டினால் அது றோலுக்குள்ளே தங்கிவிடும். அதேபோல இரண்டு தாளை ஒட்டுகிற பசையும் காய்ந்து இறுக நாள் எடுக்கும். அவசரத்திலே அதற்கு முன்பு வெட்டி அனுப்பினால் அதுவும் சாப்பாட்டுக்குப் போகும். நல்ல இடத்திலே ஒவ்வொரு றோலிலும் துண்டு வெட்டி, எவ்வளவு திரவம் மிஞ்சியிருக்கிறது என்று கருவியிலே அளந்து எழுதுவார்கள்.

இனிச் சட்டம். கனபேர் நினைக்கிறது, அவுஸ்திரேலிய அரசாங்கம் ஒவ்வொரு பையையும் சோதிச்சு அனுமதி கொடுத்துத்தான் கடைக்கு விடுகிறது என்று. அப்படி இல்லை. இரண்டு நாட்டுக்கும் பொதுவான அவுஸ்திரேலிய நியூசிலாந்து உணவு நியமங்கள் என்று ஒன்று இருக்கிறது. அதிலே 3.2.2 என்ற நியமம் சொல்லுகிறது: உணவைப் பொதி செய்கிற தொழில் நடத்துபவர், அந்தத் தேவைக்குப் பொருத்தமான, உணவைப் பழுதாக்காத பொருளைத்தான் பாவிக்க வேண்டும். கவனியுங்கள், பொறுப்பு உணவு விற்பவர் தலையிலே. அதாவது உங்கள் தலையிலே. விக்ரோறியாவிலே 1984 ஆம் ஆண்டு உணவுச் சட்டம், சிட்னியிலே உள்ளவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸின் 2003 ஆம் ஆண்டு உணவுச் சட்டம். இரண்டிலும் வீட்டிலே செய்து விற்கிறவரும் உணவுத் தொழில் நடத்துபவர்தான். "பை வித்தவன் சொன்னான்" என்பது எங்களைக் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. சில பொருள்களுக்கு அளவும் வைத்திருக்கிறார்கள். உதாரணமாக பி.வி.சி. பிளாஸ்டிக் செய்கிற வினைல் குளோரைட் ஒரு கிலோ உணவிலே 0.01 மில்லிகிராமுக்கு மேலே இருக்கக்கூடாது.

இந்த நாட்டிலே உணவு விதிகள் இறுகியதற்குப் பின்னாலே ஒரு துக்கம் இருக்கிறது. 1995 இலே அடிலெய்டிலே, புளிக்க வைத்துச் செய்த ஒரு வகை இறைச்சிச் சொசேச்சைச் சாப்பிட்டு இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பெரும்பாலும் பிள்ளைகள். ஒரு சின்னப் பிள்ளை இறந்துபோனது. அது கிருமியால் வந்தது, பையால் அல்ல. ஆனால் "முடிஞ்ச சாமானைச் சோதிச்சால் காணும்" என்ற பழைய எண்ணம் போதாது, செய்கிற ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டும் என்பதை அது இந்த நாட்டுக்கே உணர்த்தியது. 2000 ஆம் ஆண்டிலே நாடு முழுவதற்குமான உணவுப் பாதுகாப்பு நியமங்கள் வந்தன.

ஒவ்வொரு படியையும் பார்க்கிற அந்த முறைக்குத்தான் ஹசப் என்று பெயர். 1960களிலே அமெரிக்காவிலே விண்வெளி வீரருக்குச் சாப்பாடு செய்யும்போது உருவாக்கினது. ஆகாயத்திலே போனவருக்கு வயிற்றாலை போனால் யார் வைத்தியம் பார்க்கிறது? அதாலை எங்கே எது பிழைக்கலாம், அதை எந்த இடத்திலே பிடிக்கலாம், யார் பார்க்கிறது, எங்கே எழுதுகிறது என்று முன்கூட்டியே யோசித்து வைக்கிற முறை அது. பை செய்கிற இடத்துக்கும் இது பொருந்தும். உடைஞ்ச பிளேட் துண்டு, எலி, பிழையான மை, காயாத பசை, ஒரு கொம்பனியின் றோல் மற்றக் கொம்பனியின் பெட்டிக்குள் போவது. கச்சான் சேர்ந்த சாமானின் பை, கச்சான் சேராத சாமானுக்குப் போனால், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இந்த ஹசப்பை அடித்தளமாக வைத்துப் பல சான்றிதழ்கள் இருக்கின்றன. பொதி செய்கிற இடங்களிலே நீங்கள் காணக்கூடியவை மூன்று. ஒன்று பி.ஆர்.சி., பிரித்தானியக் கடைக்காரர் சங்கம் தொடங்கினது, பொதிக்கென்றே தனி நியமம் உண்டு. இரண்டாவது எப்.எஸ்.எஸ்.சி. 22000, ஐ.எஸ்.ஓ. 22000 என்ற நியமத்தின் மேலே கட்டினது, அதிலும் பொதி செய்வோருக்குத் தனிப் பிரிவு உண்டு. மூன்றாவது எஸ்.கியூ.எப்., இது எங்கடை மேற்கு அவுஸ்திரேலியாவிலே 1990களிலே பிறந்தது, 2003 இலே அமெரிக்கச் சங்கமொன்று வாங்கியது. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது வேறு. அது நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு. நாற்காலி செய்கிறவருக்கும் அது கிடைக்கும். அது கெட்டதில்லை, ஆனால் சாப்பாட்டைப் பற்றி அது தனியாக ஒன்றும் சொல்லாது.

இப்போது தயவுசெய்து பேனை எடுத்தவர்கள் எழுதுங்கள். சான்றிதழ் கையிலே வந்ததும் ஐந்து இடத்தைப் பாருங்கள்.

முதலாவது, பெயரும் விலாசமும். உங்களுக்கு விற்கிறவரின் பெயரோ, அல்லது செய்கிறவரின் பெயரோ? விற்கிறவர் வாங்கி விற்கிறவராக இருந்தால், இந்தப் பையைச் செய்த இடத்தின் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் ஒரு கொம்பனிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, அந்த விலாசத்திலே உள்ள பக்ரறிக்குத்தான். ஒரே கொம்பனிக்கு மூன்று பக்ரறி இருந்து ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் இருக்கலாம்.

இரண்டாவது, எந்த வேலைக்கு? ஸ்கோப் என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதிலே மட்டைப் பெட்டி என்று இருந்தது போல, உங்களுடையதிலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உணவுக்கான பிளாஸ்டிக் பை அச்சடித்து ஒட்டுவது என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த நியமம்? இப்பொழுது சொன்ன மூன்றிலே ஒன்றா, வெறும் ஹசப்பா, 9001 ஆ?

நான்காவது, திகதி. தொடங்கின நாளும் முடிகிற நாளும் இருக்கும். பாலுக்குத் திகதி பார்க்கிற நாங்கள் இதற்கும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, யார் கொடுத்தது? சான்றிதழ் கொடுக்கிறவருக்கும் ஒரு அங்கீகாரம் வேண்டும். இந்த நாட்டிலே அதற்கென்று ஜாஸ்-ஆன்ஸ் என்ற அமைப்பு 1991 இலே அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒப்பந்தம் செய்து உண்டாக்கினது. வேறு நாடுகளிலும் இப்படி அமைப்புகள் உண்டு. சான்றிதழ் இலக்கத்தை அவர்களின் பதிவிலோ, அந்த நியமத்தை நடத்துகிறவர்களின் பதிவிலோ தேடிப் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் தங்க முத்திரைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ரெலிபோனிலேயே ஐந்து நிமிசத்திலே தேடித் தருவார்கள்.

இந்த ஐந்தும் சரியென்றாலும் இன்னும் ஒரு கடிதம் கேட்க வேண்டும். சான்றிதழ் அந்தப் பக்ரறி ஒழுங்கானது என்று சொல்லும். உங்கடை எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு இந்தப் பை சரியென்று அது சொல்லாது. ஆகவே எழுத்திலே கேளுங்கள்: "நான் வைக்கப்போவது எண்ணெய்ச் சாமான், அல்லது புளிப்புச் சாமான், இத்தனை பாகை சூட்டிலே போடுவேன், இத்தனை மாதம் இருக்கும். இதற்கு இந்தப் பை பொருத்தம் என்று கடிதம் தாருங்கள்." நல்ல இடம் என்றால் எந்த நியமப்படி சோதித்தது என்று எழுதித் தருவார்கள். இந்த நாட்டிலே உணவில் படும் பிளாஸ்டிக்குக்கு ஏ.எஸ். 2070 என்றொரு நியமம் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க விதிகளைச் சொல்வோரும் உண்டு. "பூட் கிறேட்" என்று வாயாலே மட்டும் சொன்னால் அது காற்றோடை போகிற சொல்லு. இங்கிலிஸ் தடக்குப்படும் என்று வெட்கப்பட வேண்டாம். பிழையான இங்கிலிஸிலே கேட்ட சரியான கேள்விக்கும் அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு குழப்பம். பிளாஸ்டிக்கின் அடியிலே முக்கோணத்துக்குள்ளே ஒரு இலக்கம் இருக்கும். "அஞ்சு போட்டிருக்கு, சாப்பாட்டுக்கு நல்லது" என்று சொல்லுவார்கள். அந்த இலக்கம் 1988 இலே அமெரிக்காவிலே பிளாஸ்டிக்கை இனம் பிரிக்கக் கொண்டுவந்தது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் அது சொல்லும். பெயின்ற் வாளியிலும் அந்த இலக்கம் இருக்கலாம். விற்காதவர்களும் இதைக் கேளுங்கோ: ஐஸ்கிறீம் பெட்டி குளிர்ச் சாமானுக்குச் செய்தது. அதற்குள்ளே சுடச்சுடக் குழம்பை ஊற்றி மகனுக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஆறவிட்டு, கண்ணாடியிலோ சில்வரிலோ போடுங்கள்.

இவ்வளவும் சொன்ன நான் இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான விசயம்.

சான்றிதழ் எதிலே நிற்கிறது? வருசத்துக்கு ஒருமுறை தணிக்கைக்காரர் வருவார். பதிவேடுகளைப் பார்ப்பார். ஒரு றோல் இலக்கத்தைச் சொல்லி, இது எந்த மூலப்பொருளிலே, எந்த மையிலே, எந்த நாள், யார் செய்தது, யாருக்குப் போனது என்று கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுவார். மற்ற நாள் எல்லாம்? மற்ற நாள் எல்லாம் எங்களைப் போன்ற ஆட்கள் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து ஒரு தாளிலே சரி போடுகிறோம். அந்தச் சரியிலேதான் அந்தத் தங்க முத்திரை நிற்கிறது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருசம். ஒரு இரவு சரியான அலுப்பு. விடியப்புறம் ஐந்து மணிக்கு, இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணிப் பெட்டிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பேனையாலே சரி போட்டு ஒப்பமும் வைச்சன். அடுத்த நாள் தரம் பார்க்கிற பிள்ளை கூப்பிட்டா. "மூன்று மணிக்கு மிசினைப் பார்த்து எல்லாம் சரி எண்டு எழுதியிருக்கிறாய். இரண்டே முக்காலிலையிருந்து மூன்றரை மட்டும் மிசின் நிண்டது எண்டு மீற்றர் சொல்லுது. ஓடாத மிசினிலை என்னத்தைப் பார்த்தாய்?" எனக்குச் சொல்லப் பதிலில்லை. அப்போது எனக்கு பிரிட்ஜிங் விசா. வேலை போனால் என்ன செய்கிறது என்று கால் நடுங்கினது. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அந்த இரவு ஓடின றோல் அவ்வளவையும் மறிச்சு வைச்சுத் திரும்பச் சோதிச்சார்கள். பிழை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் இருந்திருந்தால், நான் போட்ட சரியை நம்பி அது ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பையாகப் போயிருக்கும்.

நான் செய்தது சோம்பல். காசுக்காகத் தெரிந்தே செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலே 2008, 2009 இலே ஒரு கச்சான் கொம்பனியின் சாமானாலே சல்மொனெல்லாக் கிருமி பரவி எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் நோயானார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதத்துக்கு முன்புதான் தணிக்கைக்காரர் அந்த இடத்துக்கு மிகச் சிறந்த தரம் கொடுத்திருந்தார். கிருமி இல்லை என்று பொய்ச் சோதனைத் தாள்கள் வாங்குபவர்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன. 2015 இலே கொம்பனி முதலாளிக்கு 28 வருசச் சிறை கிடைத்தது. வாங்கின பெரிய பெரிய கொம்பனிகளெல்லாம் தாளைத்தான் பார்த்தன.

அப்படியென்றால் சான்றிதழே வேண்டாமோ? வேண்டும். சான்றிதழ் இருக்கிற இடத்திலேதான் அந்தப் பிள்ளை மீற்றரையும் தாளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தா. அது இல்லாத இடத்திலே என்ரை பொய்ச் சரியை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது பேச்சைத் தொடங்குகிற தாள், முடிக்கிற தாள் இல்லை. வாங்கின பிறகும் எங்கடை கண்ணும் மூக்கும் வேலை செய்ய வேண்டும்.

ஆகவே நடைமுறைக்குச் சில விசயம். புதுப் பை வந்தால் முதலிலே பத்துப் பையிலே மட்டும் சாமானைப் போட்டு மூடி, வெக்கையான ஒரு அலுமாரியிலே பத்து நாள் வையுங்கள். அதே சாமானைக் கண்ணாடிப் போத்தலிலும் கொஞ்சம் வையுங்கள். பிறகு இரண்டையும் திறந்து, எது எதென்று சொல்லாமல் வீட்டிலே வேறு ஒருவரை மணந்து, உருசி பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பக்ரறியிலும் இப்படி மூக்காலே சோதிக்கிற வேலை உண்டு. பை வந்த பெட்டியிலே இருக்கிற றோல் இலக்கத்தை எறியாமல் கொப்பியிலே எழுதி, எந்தக் கிழமைச் சாமான் எந்தப் பெட்டிப் பையிலே போனது என்று பக்கத்திலே குறியுங்கள். பிழை வந்தால் நாலு பெட்டியையும் கொட்டத் தேவையில்லை, ஒன்றைக் கொட்டினால் போதும். அந்தக் கொப்பி இருந்திருந்தால் நாங்களும் குறையக் கொட்டியிருப்போம்.

அடுத்தது, அச்சடித்த வடிவான பைக்கு ஆசைப்பட வேண்டாம். அச்சில்லாத வெறும் பை வாங்கி வெளியிலே லேபல் ஒட்டுங்கள். மையும் இல்லை, மையின் மணமும் இல்லை, விலையும் குறைவு. கடைசியாக, தனித்தனியாக ஐந்நூறு பை வாங்கப் போனால் நல்ல இடங்கள் எங்களைத் திரும்பியும் பார்க்காது. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஐயாயிரம். அப்போது சான்றிதழும் கேட்கலாம், கடிதமும் கேட்கலாம், விலையும் பேசலாம். ஊரிலே சீட்டுப் பிடிக்கத் தெரிந்த எங்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. செயற்குழு இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

மனைவி தைப்பொங்கலுக்குப் பிறகு திரும்பவும் தூள் இடிக்கத் தொடங்கியிருக்கிறா. கிழமைக்கு இருபது பக்கற் மட்டும். பெயின்ற் மணக்குது என்று சொன்ன அந்த அக்காதான் முதல் பக்கற் வாங்கினவ. அவ சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் இன்னும் வித்துக்கொண்டு இருந்திருப்போம். ஆகவே வாங்குகிற உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: எங்கடை ஆட்கள் பாவம் என்று பேசாமல் இருக்காதீர்கள். பழுதென்றால் பழுதென்று முதலிலே எங்களுக்குச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிய நான் பின்னாலே தேத்தண்ணி மேசையடியிலே இருப்பன். உங்களுக்கு வந்த சான்றிதழ்களைக் கொண்டுவந்தால் சேர்ந்திருந்து படிப்போம். எனக்கு விளங்காததை வேலையிலே கேட்டுச் சொல்லுவன்.

பிறக்கிற சித்திரைப் புத்தாண்டிலே உங்கள் எல்லோரின் அடுப்பும் நல்லபடி எரிய வேண்டும், விசாவுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நல்ல பதில் வர வேண்டும் என்று வேண்டுகிறேன்.